காவித் தடம்

காங்கேயத்தில் எங்கள் களத்தில்
தேங்காய்ப் பருப்பு நிறுக்கிற தராசில்
ஞாயிற்றுக்கிழமை வீல்களை ஏற்றினேன்.
கம்பெனி கொடுத்த இரும்பு வீல், எட்டு அறுநூறு.
ஏழு அங்குல அலாய், ஏழு முந்நூறு.
எட்டு அங்குலம், பார்க்க ராஜா மாதிரி இருந்தது,
ஒன்பது நானூறு.
கணக்குப்பிள்ளை பழக்கதோஷத்தில்
சாக்குக்கு அரைக் கிலோ கழித்து எழுதினார்.

போத்தனூர் இதாயத்துல்லா
இருநூற்று இருபத்தைந்தைத் தட்டிக் காட்டிச் சொல்லியிருந்தார்:
"எச்சு அகலமுங்க, எச்சுப் புடிக்கும்.
ரோட்டை உடும்பாட்டம் கவ்விக்கும்."
உடும்பை நான் பார்த்திருக்கிறேன்.
அதற்கு நகம் உண்டு.
யாரும் காற்றடிப்பதில்லை.

சந்தேகம் வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.
முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி
டயரின் முகத்தில் காவி தடவி
அட்டைப்பெட்டியை விரித்து மெல்ல இறக்கினேன்.
பருப்பு கீறிக்கொண்டிருந்த மாராயி எட்டிப் பார்த்தாள்.
"ஏனுங், பத்திர ஆபீஸ்ல வாங்கறாப்பல
வண்டிகிட்டக் கைநாட்டு வாங்கறீங்களா?"
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

வண்டி எழுதிக் கொடுத்தது இது:
பழைய டயர், அகலம் பதினைந்தரை, நீளம் ஒன்பதரை.
புதியது, அகலம் பதினெட்டரை, நீளம் எட்டு.
பெருக்கினேன். மறுபடி பெருக்கினேன்.
இரண்டுமே நூற்றைம்பது சதுரத்துக்குப் பக்கம்.
அதே காற்று, அதே பாரம், அதே நிலம்;
தென்வடலில் கிடந்ததைக்
கிழமேலாகத் திருப்பிப் போட்டிருக்கிறது,
அவ்வளவுதான்.

அப்படியானால் அகலம் பொய்யா?
பொய்யில்லை.
வளைவில் நீளத் தடத்தின் வால் முதலில் நழுவும்,
குட்டைத் தடம் சேர்ந்தே நிற்கும்.
ஆனால் ஆறு அங்குல வீலில் அதை மாட்டினால்
இரண்டு சைஸ் சின்னச் சட்டைக்குள் மாப்பிள்ளை.
நின்றால் பட்டன் பொறுக்கும்.
திரும்பினால் தோள் பிதுங்கும்.

செட்டிபாளையத்தில் நாலு சுற்று ஓட்டி நிறுத்தியதும்
தேவசேனா ரப்பரில் ஊசி குத்திச் சூடு பார்த்தாள்.
வெளித்தோள் எண்பத்தொன்று,
நடு அறுபத்திரண்டு, உள்ளே அறுபது.
"மூணுல ஒரு பங்குதாங்க்கா வேல செய்யுது.
மத்ததெல்லாம் கல்யாணத்துக்கு வந்த ஒறம்பர."

எட்டு அங்குலத்தை மாட்டிப் பார்த்தோம்.
மட்கார்டின் உள்விளிம்பில் உரசி
மாவு மில் சத்தம்.
தகரத்தை மடித்துவிடலாம் என்றார் வெல்டர்.
கொஞ்ச நேரம் நானும் சரி என்றுதான் இருந்தேன்.
மறுபடி ஆறு அங்குலத்துக்கே திரும்பினோம்,
இன்னொரு நாள் பார்ப்போம் என்று.

அதற்குள் ஆடி வந்துவிட்டது.
பாலக்காட்டுக் கணவாய் காற்றைத்தான் அனுப்பும்;
எப்போதாவது மறதியாய் ஒரு தூறல்.
மூன்றாம் வளைவில் அந்தத் தூறல்.
அகல டயர் தண்ணீரைக் கிழிக்கவில்லை,
அதன்மேல் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.
ஸ்டியரிங் கையில் இருந்தது,
ஸ்டியரிங்கில் ஒன்றுமே இல்லை.
புல்லில் இறங்கி நின்றபோது
வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது இருநூற்று ஐந்து, ஏழு அங்குல வீலில்.
பக்கச்சுவர் நேராக நிற்கிறது,
வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண் மாதிரி.
அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்திரண்டு:
ஒறம்பரையும் வேலைக்கு வந்துவிட்டது.
வளைவை விட்டு வெளியே வரும்போது
ஆக்ஸிலேட்டரை எப்போது மிதிக்கலாம் என்று
ரோடு என் உள்ளங்கைக்குச் சொல்கிறது,
"சித்தெ இரு, சித்தெ இரு, ம், இப்ப."

பந்தயத்தில் ஐந்தாவதாகத்தான் வந்தேன்.
முதலில் வந்த தாராபுரத்துப் பையன்
தகரம் மடித்து எட்டு அங்குலத்தில் ஓட்டினான்.
அன்று தூறல் இல்லை.
அவன் வண்டி வேறு, அவன் கால் வேறு.

இருநூற்று இருபத்தைந்துகள் நாலும்
குடோனில் சாக்குக்கடியில் கிடக்கின்றன.
பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் இதாயத்துல்லா.
இன்னும் கொடுக்கவில்லை.
சில ராத்திரி லைட்டைப் போட்டு
சாக்கை விலக்கிப் பார்ப்பேன்.
என்ன இருந்தாலும்
அழகு அதுதான்.